ஜெபத்துக்கு நேரம் எடுக்க நீங்கள் எதை விட்டீர்கள்?

பாளை_வாலிபர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக மனதை உறுத்திக்கொண்டிருக்கிற விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு குருவானவருக்குக் கீழ் இருக்கிற சபைகளில், வாலிபர் சங்கப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. சமீபத்தில், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்காகக் கமிட்டி கூடியது. அரிசி எத்தனை மூட்டை, பந்தல் யாருக்கு, மைக் செட் யாருக்கு, போன வருஷக் கணக்கில் விட்டுப்போனது என்ன என்று சாயந்தரம் ஏழு மணிக்கு ஆரம்பித்தது பத்தரை வரை போனது. ஆரம்ப ஜெபம் ஒரு நிமிடம். முடிவு ஜெபம் நடக்கும்போது பாதிப் பேர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் வண்டியையே ஸ்டார்ட் செய்துவிட்டார். அதே வாரம் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வந்தது உபதேசியாரும் முன் பெஞ்சுப் பாட்டிமார்களும்தான். அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசிய கமிட்டிக்காரர்களில் ஒருவர் முகத்தைக்கூட அங்கே காணோம்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எல்லாரும் நல்லவர்கள், சபைக்காகச் சொந்தக் காசையும் நேரத்தையும் போட்டு உழைக்கிறவர்கள். ஆனால் ஜெபம்தான் முக்கியம் என்று வாய் நிறையச் சொல்கிற நம்முடைய ஒரு வாரத்தை எடுத்துப் பார்த்தால், அதில் ஜெபத்துக்கு என்று ஒரு இடமே இல்லை. மிச்சம் மீதி கிடைத்தால் அதற்கு, கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை.

அதனால் ஒரே ஒரு கேள்வி. தயவுசெய்து "இன்னும் அதிகமாக ஜெபிக்கவேண்டும் பிரதர்" என்று மட்டும் எழுதாதீர்கள், அதைப் பிரசங்கத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நீங்கள் எதை விட்டீர்கள், எந்த நேரத்தை எடுத்தீர்கள், எந்த இடத்தில் உட்காருகிறீர்கள், அதைச் சொல்லுங்கள்.

வேதபாட_அண்ணன்:
சரியான கேள்வி பிரதர். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் பிரச்சினை பந்திதான். கிரேக்க பாஷைக்கார யூதர்களின் விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபட்டுப்போனார்கள், முறுமுறுப்பு வந்தது. அது அற்பமான வேலை இல்லை, விதவைகளுக்குச் சாப்பாடு போடுகிற வேலை. அப்போஸ்தலர்கள் அதைத் தள்ளிவிடவும் இல்லை, தாங்களே எடுத்துச் செய்யவும் இல்லை. பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்து நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தேடி அவர்கள் கையில் கொடுத்தார்கள், அதில் ஒருவர்தான் ஸ்தேவான். அப்புறம் சொன்னது இது: "நாங்களோ ஜெபம்பண்ணுவதிலும் தேவவசனத்தைப் போதிக்கிற ஊழியத்திலும் இடைவிடாமல் தரித்திருப்போம்." வரிசையைப் பாருங்கள், ஜெபம் போதனைக்கும் முன்னால் நிற்கிறது.

நம்மில் பலர் சினிமாவையும் சீரியலையும் எப்போதோ விட்டுவிட்டோம். இப்போது ஜெப நேரத்தைத் தின்கிறது பாவமான காரியம் ஒன்றும் இல்லை. பாடகர் குழுப் பயிற்சி, வேதாகமப் பள்ளி ஏற்பாடு, கன்வென்ஷன் நோட்டீஸ், கட்டட நிதி, இதுதான். எல்லாம் கர்த்தருக்காகச் செய்கிறது என்பதால் அதில் ஒன்றைக் குறைக்கச் சொன்னாலே குற்றமாகத் தோன்றுகிறது. என்னைக் கேட்டீர்கள் என்றால், நான் விட்டது சபையில் வைத்திருந்த ஒரு பொறுப்பைத்தான். என்னைவிட நன்றாகச் செய்யக்கூடிய ஒரு தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அந்தச் சாயந்தர நேரம் இப்போது ஜெபத்துக்கு.

மஸ்கட்_நர்ஸ்:
இதையெல்லாம் வாசிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். குரூப்பில் தினமும் ஒருத்தர் "அதிகாலை நான்கு மணிக்கு எழும்பாதவனுக்கு ஆசீர்வாதம் இல்லை" என்கிற மாதிரி ஃபார்வர்டு போடுகிறார்கள். அந்த நான்கு மணிக்கு நான் வார்டில் நிற்கிறேன், பிபி பார்க்கிறேன், டிரிப் மாற்றுகிறேன். பன்னிரண்டு மணி நேர டூட்டி, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. எங்களைப் போன்றவர்களுக்கு ஜெபம் இல்லையா?

சங்கீதம் 134 யாருக்கு எழுதினது என்று பாருங்கள். "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும்" ஊழியக்காரருக்கு. நைட் டூட்டிக்காரர்களுக்கு இருக்கிற சங்கீதமாகத்தான் அதை எடுத்துக்கொள்கிறேன். மூன்று வசனம்தான், மனப்பாடமாகத் தெரியும். டூட்டிக்குப் போகிற பஸ்ஸில் அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்.

எப்படிச் செய்கிறேன் என்று கேட்டீர்களே. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போது கையில் சானிடைசர் ஊற்றித் தேய்க்கவேண்டும், அது விதி. அந்தக் கை காய்கிற நேரம் அடுத்துப் போகிற நோயாளிக்கு. எட்டாம் நம்பர் கட்டில், இன்று மூச்சு வாங்குகிறது ஆண்டவரே, இரங்கும். அவ்வளவுதான். அவர் முஸ்லிமோ இந்துவோ யாராக இருந்தாலும் சரி. டூட்டி முடிந்து ரூமுக்கு வந்தபின் உட்கார்ந்து ஜெபிக்கிறது தனி. விட்டது என்ன என்றால், தூங்கப்போகும் முன் படுக்கையில் போன் பார்ப்பது. இப்போது போன் சமையல் ரூமில்தான் சார்ஜ் ஏறும். எனக்கு நேரம் கிடைத்தது அங்கேயிருந்துதான், வேறு எங்கேயும் இல்லை.

ஹார்பர்_தூத்துக்குடி:
நர்ஸ் சிஸ்டர் சொன்னதுதான் எனக்குப் புரிகிற ஜெபம். மற்றபடி இந்த மாதிரி பேச்சு எல்லாமே கடைசியில் சாதாரண ஜனங்கள் தலையில் குற்ற உணர்ச்சியைத்தான் ஏற்றுகிறது என்பது என் கருத்து. என் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். முழங்காலில் ஒரு மணி நேரம் நின்று நான் பார்த்ததே இல்லை. உப்புக்கூடையைத் தலைக்குத் தூக்கும்போது "ஆண்டவரே" என்பார், இறக்கும்போது "ஸ்தோத்திரம்" என்பார். யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைக்காமல், யாரையும் ஏசாமல் வாழ்ந்தார். அவருடைய வேலையே ஜெபம்தான். பழைய ஏற்பாட்டில் பாரசீக ராஜாவிடம் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியா, ராஜாவுக்கு முன்னால் நின்றுகொண்டு எவ்வளவு நேரம் ஜெபித்தார்? ராஜா கேள்வி கேட்டார், இவர் பதில் சொன்னார், நடுவில் ஒரு ஜெபம். கர்த்தர் அதைக் கேட்கவில்லையா?

வேதபாட_அண்ணன்:
கேட்டார் அண்ணே, உங்கள் அப்பாவின் ஜெபத்தையும் கேட்டிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நெகேமியாவை இரண்டாம் அதிகாரத்தில் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்துகிடக்கிறது என்று அவருக்குச் செய்தி வந்தது கிஸ்லே மாதத்தில். உட்கார்ந்து அழுது, சில நாளாய்த் துக்கித்து, உபவாசித்து, ஜெபம்பண்ணினார் என்று முதல் அதிகாரம் சொல்கிறது. ராஜாவுக்கு முன்னால் நின்றது நிசான் மாதம். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம் ஓடியிருக்கிறது. முதல் அதிகாரத்தில் அவர் செய்கிற ஜெபத்தில் இரவும் பகலும் மன்றாடுகிறேன் என்றே சொல்கிறார். ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்று கேட்டபோது எவ்வளவு காலம் வேண்டும், யாருக்குக் கடிதம் வேண்டும், எந்த வனத்திலிருந்து மரம் வேண்டும் என்று எல்லாமே தயாராக வருகிறது பாருங்கள். அது அந்த ஒரு நொடியில் வந்தது இல்லை.

இன்னொன்று, இயேசுவே என்ன செய்தார்? மாற்கு முதல் அதிகாரத்தில் முந்தின சாயந்தரம் பட்டணம் முழுவதும் வாசலில் கூடியிருந்தது, எத்தனையோ பேரைச் சொஸ்தமாக்கினார். மறுநாள் "அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு" வனாந்தரத்துக்குப் போய் ஜெபம்பண்ணுகிறார். சீமோன் தேடிவந்து "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார். நாமாக இருந்தால் ஓடிப்போயிருப்போம். அவர் அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். கப்பர்நகூமில் வேலை இன்னும் பாக்கி இருந்தும் போகிறார். எதைச் செய்யவேண்டும், எதை விடவேண்டும் என்பது அவருக்குக் கூட்டத்திடமிருந்து வரவில்லை. சபை வேலை செய்கிற நம் எல்லாருக்கும் இந்தப் பகுதி முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஹார்பர்_தூத்துக்குடி:
நெகேமியாவின் நான்கு மாதத்தை நான் கவனித்ததில்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீளமான ஜெபம்தான் நல்ல ஜெபம் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அதிக வசனிப்பினால் கேட்கப்படும் என்று நினைக்காதீர்கள் என்று மலைப்பிரசங்கத்தில் தெளிவாக இருக்கிறது.

கடற்கரை_மரியான்:
கத்தோலிக்கன் நான், உள்ளே வரலாமா? எங்கள் கடற்கரை ஊர்களில் மூவேளைச் செபம் உண்டு. காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, கோயில் மணி அடிக்கும். கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கிறவர்கள் அப்படியே எழுந்து நிற்பார்கள், ஏலம் போடுகிறவர் வாயை மூடுவார். மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். யாரும் நேரம் தேடி அலையவேண்டாம், நேரம்தான் நம்மைத் தேடி வருகிறது.

இது புதிதாக வந்த பழக்கமும் இல்லை. தானியேல் தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார். பேதுருவும் யோவானும் செபவேளையாகிய ஒன்பதாம் மணி நேரத்தில் தேவாலயத்துக்குப் போனார்கள் என்று அப்போஸ்தலர் 3இல் இருக்கிறது, நம் கணக்குக்கு மதியம் மூன்று மணி. ஆதித் திருச்சபையின் மிகப் பழைய நூல்களில் ஒன்றான திதாக்கேயும் கர்த்தர் கற்பித்த செபத்தை நாளுக்கு மூன்று தடவை சொல்லச் சொல்கிறது. மனது வரும்போது செபிக்கலாம் என்று விட்டால் வராது, என் அனுபவம் அது.

ஓய்வு_வாத்தியார்:
தம்பி மரியான் சொன்ன மணி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளிலும் இருந்தது, சில கிராமங்களில் இன்றைக்கும் சாயந்தர ஜெபத்துக்கு மணி அடிக்கிறது. வீட்டிலும் ஒரு முறை உண்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பாய் விரித்து எல்லாரும் உட்காருவார்கள். ஒரு கீர்த்தனை, அப்புறம் வேதபாகம், ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வரும், எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கும் ஒரு வசனம் உண்டு, யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள். அப்பா ஜெபிப்பார், கடைசியில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். பசியோடு உட்கார்ந்திருப்போம், குழம்பு வாசனை வரும், ஆனாலும் முடியாமல் தட்டு வராது.

அது எப்படி உடைந்தது என்று நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். ஜெபம் வேண்டாம் என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்லவில்லை. முதலில் டிவி சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட்டது. அப்புறம் டியூஷன். இப்போது ஆளுக்கு ஒரு நேரம் சாப்பாடு, ஆளுக்கு ஒரு போன். சேர்ந்து சாப்பிடுகிறது போனதும் சேர்ந்து ஜெபிக்கிறதும் கூடவே போய்விட்டது. ஆகவே குடும்ப ஜெபத்தைத் திரும்பக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு வேளைச் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிட வழிபண்ணுங்கள். பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வதைவிட அது பலன் தரும்.

ஜீவநீரூற்று_சகோதரி:
மன்னிக்கவும், எனக்குக் கொஞ்சம் வேறு பாரம் இருக்கிறது. மணி அடித்ததும் எழுந்து நின்று எழுதிவைத்ததைச் சொல்லி உட்காருவது ஜெபமாகுமா? உதடு ஜெபிக்கும், உள்ளம் எங்கேயோ இருக்கும். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், காலை பத்திலிருந்து மூன்று வரை. கண்ணீரோடு ஜெபிப்போம், ஒருவர் பாரத்தை மற்றவர் சுமப்போம். ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8இல் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்கு நேரமே தெரியாது. கொரியாவைப் பாருங்கள். 1907இல் பியாங்யாங்கில் எழுப்புதல் வந்ததே, அந்தக் காலத்தில் அங்கே அதிகாலை ஜெபத்தில் ஜனங்கள் கதறினார்கள். நமக்கு வேண்டியது அட்டவணை இல்லை, அக்கினி.

கடற்கரை_மரியான்:
சகோதரி, உங்கள் வெள்ளிக்கிழமை உபவாசத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கொரிய அதிகாலை செபமும் நேரம் குறித்த செபம்தானே? பியாங்யாங்கில் கில் சன்-ஜு என்பவர் அதைச் சபையில் தொடங்கிவைத்தார், இருட்டோடே குறித்த நேரத்துக்கு வந்தார்கள். இன்றைக்கும் கொரியச் சபைகளில் அது தினசரி நடக்கிறது. உங்கள் உபவாசக் கூட்டத்துக்கும் கிழமை இருக்கிறது, மணி இருக்கிறது. எழுதிய செபத்தைப் பற்றி ஒன்று: கெத்செமனேயில் ஆண்டவர் மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி செபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். சிலுவையில் அவர் கதறியது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. சொந்த வார்த்தை வராத நேரத்துக்கு அவருக்கே சங்கீதம் தேவைப்பட்டிருக்கிறது.

ஜீவநீரூற்று_சகோதரி:
கெத்செமனே வசனம் யோசிக்க வைக்கிறது பிரதர். வார்த்தை எழுதியதா எழுதாததா என்பதைவிட உள்ளம் அங்கே இருக்கிறதா என்பதுதான் என் கவலை, அதில் நாம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ரெண்டு_வாண்டு_அம்மா:
நீங்கள் எல்லாரும் மணி நேரக் கணக்கில் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள். "உன் அறைவீட்டிற்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று வாசிக்கும்போதெல்லாம் அழுகை வருகிறது. பாத்ரூம் கதவைக்கூடப் பூட்டமுடியாத வீடு இது. ஜான் வெஸ்லியின் அம்மா சூசன்னா வெஸ்லி பத்தொன்பது பிள்ளைகள் பெற்றவர், ஏப்ரனைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டால் அம்மா ஜெபிக்கிறார் என்று பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள் என்று சொல்வார்கள். நானும் துப்பட்டாவைப் போட்டுப் பார்த்தேன், சின்னவன் உள்ளே புகுந்துகொண்டான். அவனையும் மடியில் வைத்துக்கொண்டே ஜெபித்தேன்.

நேரத்தைவிட எனக்குப் பெரிய கஷ்டம் வேறு. மதியம் இரண்டும் ஒன்றாகத் தூங்குகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் முழங்கால் போட்டால், நாளைக்கு என்ன டிபன், தடுப்பூசித் தேதி என்ன என்று மனது ஓடுகிறது. இல்லாவிட்டால் தூங்கிவிடுகிறேன். இதற்கு யாராவது உண்மையாகப் பதில் சொல்லுங்கள்.

வேதபாட_அண்ணன்:
சகோதரி, ஜார்ஜ் முல்லருக்கே இந்தக் கஷ்டம் இருந்தது. பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை, மனிதரிடம் கையேந்தாமல் ஜெபத்தினாலேயே பராமரித்தவர். 1841இல் அவர் எழுதி வைத்திருக்கிறார்: பல வருஷமாகக் காலையில் எழுந்ததும் நேராக ஜெபிக்கத்தான் ஆரம்பிப்பாராம், மனது அலைந்து அலைந்து, சில சமயம் அரை மணி நேரம் போனபின்தான் உண்மையாக ஜெபிக்கவே தொடங்குவாராம். அப்புறம் வரிசையை மாற்றினார். முதலில் வேதத்தில் ஒரு பகுதியை மெதுவாக வாசித்து, பிரசங்கத்துக்காக இல்லாமல் தன் ஆத்துமாவுக்காக அதை யோசிப்பார். அதுவே அறிக்கையாக, ஸ்தோத்திரமாக, விண்ணப்பமாகத் தானே மாறிவிடும் என்கிறார். ஈர விறகை ஊதிக்கொண்டே இருப்பதைவிட முதலில் இரண்டு காய்ந்த சுள்ளியை வைப்பது போல.

உங்களுக்குச் சொல்கிறேன். சங்கீதம் 121 எடுத்துக்கொள்ளுங்கள். "என் கண்களை ஏறெடுக்கிறேன்", நிறுத்துங்கள், இன்று எதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்களோ அதை ஆண்டவரிடம் சொல்லுங்கள். "உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை" என்று வரும்போது, நீங்கள் தூங்கிவிடுகிறீர்கள், அவர் தூங்குவதில்லை, அதற்கு நன்றி சொல்லுங்கள். தடுப்பூசித் தேதி ஞாபகம் வந்தால் அந்தப் பிள்ளையின் உடம்புக்காகவே ஜெபியுங்கள். மனது எங்கே ஓடுகிறதோ அங்கேயே ஜெபத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள், இழுத்துப் பிடித்து மல்லுக்கட்டவேண்டாம். கைக்குழந்தைக்காரிக்கு இந்த வருஷம் அது போதும். தூங்கினால் தூங்குங்கள் அம்மா.

மஸ்கட்_நர்ஸ்:
அக்கா, அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாபகம் வருகிற வேலையை அதில் எழுதிவிட்டால் மனது விட்டுவிடும். அதே நோட்டின் பின்பக்கத்தில் யார் யாருக்காக ஜெபிக்கவேண்டும் என்று பெயரும் தேதியும். யாராவது "எனக்காக ஜெபியுங்கள்" என்று மெசேஜ் போட்டால், கும்பிடுகிற கை படத்தைப் போட்டுவிட்டுக் கடந்துபோகாமல் அப்போதே அரை நிமிடம் ஜெபித்துவிட்டுத்தான் பதில் போடுவது என்று வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதுகிற ஆமென் எல்லாம் உண்மையாகவே ஜெபித்ததாக இருந்தால் நம் சபைகள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஓஎம்ஆர்_ஐடி:
ஆபீஸ்காரர்களுக்கு ஒரு விஷயம். 1857 செப்டம்பர் 23, நியூயார்க், ஃபுல்டன் தெரு. ஜெரமையா லான்ஃபியர் என்று ஒருவர், முன்பு வியாபாரத்தில் இருந்தவர், மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை சபைக் கட்டடத்து ரூம் ஒன்றில் ஜெபக்கூட்டம் என்று நோட்டீஸ் கொடுத்தார். வேலைக்காரர்களின் சாப்பாட்டு நேரம் அது. முதல் அரை மணி நேரம் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார், கடைசியில் வந்தது ஆறு பேர். அடுத்த வாரம் இருபது. அக்டோபரில் பேங்குகள் தடுமாறி, ஊரே பயந்துபோயிருந்த நேரத்தில் அது தினசரிக் கூட்டமானது, பிறகு பல நகரங்களுக்கும் பரவியது.

எனக்குப் பிடித்தது அவர்கள் வைத்த ஒழுங்கு. ஐந்து நிமிடம் இருந்தாலும் சரி, பத்து நிமிடம் இருந்தாலும் சரி, வரலாம் போகலாம். ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஜெபிக்கக்கூடாது. விவாதத்துக்கு இடமான சபைப் பிரிவினைப் பேச்சு எடுக்கக்கூடாது. எங்கள் ஆபீஸிலும் சாப்பாட்டு நேரத்தில் காலியாக இருக்கிற மீட்டிங் ரூமில் நான்கைந்து பேர் இதே மாதிரி கூடுகிறோம். நீளமாக ஜெபிக்கிறவர்கள் இருந்தால் புதிதாக வருகிறவர் வாயே திறக்கமாட்டார், அதை நேரில் பார்த்தாயிற்று. பாளை பிரதர், உங்கள் புதன்கிழமைக் கூட்டத்துக்கு இது உதவும்.

பாளை_வாலிபர்:
எல்லாருக்கும் நன்றி, அத்தனையையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் கேட்க நினைத்திருப்பது இது. கமிட்டியை இனிமேல் புதன்கிழமையே வைப்பது. ஏழு மணிக்கு ஜெபக்கூட்டம், அது முடிந்தபின் அதே இடத்தில் கமிட்டி, எட்டரைக்கு முடிக்கவேண்டும். அரிசி, பந்தல் கணக்கை இரண்டு பேரிடம் முழுவதுமாக விட்டுவிடுவது, எல்லாரும் உட்கார்ந்து பேசவேண்டாம். வாத்தியார் ஐயா, நீங்கள் எத்தனையோ கமிட்டி பார்த்திருப்பீர்கள், இது நடக்குமா?

ஓய்வு_வாத்தியார்:
நடக்கும் தம்பி, ஆனால் கமிட்டியில் எழுந்து முதல் தடவையாக இதைச் சொல்லாதீர்கள், குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். முதலில் குருவானவரைத் தனியாகப் பாருங்கள். அடுத்து பொருளாளர் வீட்டுக்குப் போங்கள், கணக்கை ஒப்படைக்கிற பேச்சு அவர் வாயிலிருந்து வந்தால் யாரும் எதிர்க்கமாட்டார்கள். இன்னொன்று, அந்த முன் பெஞ்சுப் பாட்டிமார்களிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். யார் வீட்டில் யாருக்கு வியாதி, எந்தப் பையன் வேலை இல்லாமல் இருக்கிறான், யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாமே அவர்களுக்குத் தெரியும், பெயர் சொல்லி ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் பெயரும் அதில் இருக்கும். ஜெபக்குறிப்பை அவர்களிடமிருந்தே எழுதி வாங்கி கமிட்டிக்காரர்கள் கையில் கொடுங்கள்.

ஹார்பர்_தூத்துக்குடி:
ஏழு மணி என்றால் கடைக்காரர்களும் ஷிப்டுக்காரர்களும் வரமுடியாது பிரதர். ஏழரை ஆக்குங்கள். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், என்னை மாதிரி ஆட்களும் வாய் திறப்பார்கள்.

பாளை_வாலிபர்:
ஏழரை, சரி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குருவானவரைப் பார்க்கிறேன். பாட்டிமார்களை அதற்கு முன்பே, இந்தப் புதன்கிழமையே பார்த்துவிடுகிறேன், நோட்டு எடுத்துக்கொண்டு போகிறேன்.